புது ஆட்டுக்கும் தகுதிகாண் பருவம் வேண்டும்

எங்கள் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறார். ஏழு ஆடுகள் வைத்திருந்தார். மகளின் கல்லூரிக் கட்டணம் அந்த ஆடுகள்தான். போன மார்கழியில் சந்தையில் ஒரு கிடாய் மலிவாகக் கிடைத்ததென்று ஓட்டிவந்து, அன்றிரவே மற்றவற்றோடு கட்டிவிட்டார். ஒரு வாரத்தில் காய்ச்சல், மூக்குச் சளி, வாய்ப்புண், கழிச்சல். ஐந்து ஆடுகள் செத்தன. ஆட்டுக்கொல்லி நோய், பி.பி.ஆர். என்றார் கால்நடை மருத்துவர்.

அந்த மூன்று எழுத்தும் பிரெஞ்சு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது உடனே புரிந்தது: பெஸ்த் தெ பெத்தி ரூமினான். அசைபோடும் சிறு பிராணிகளின் கொள்ளைநோய் என்று பொருள். 1942இல், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஐவரி கோஸ்டில் இதை முதலில் விவரித்தார்கள். இந்தியாவில் முதலில் கண்டறிந்தது எங்கே தெரியுமா? 1987இல், விழுப்புரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே உள்ள அரசூரில். அன்றைக்கு அதுவும் நாமும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். அங்கே கிடைத்த வைரஸைக் கொண்டே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 'அரசூர் 87' என்ற தடுப்பூசியை உருவாக்கியது.

நோயும் தெரியும், மருந்தும் நம்மிடம் உண்டு. பிறகு ஏன் ஆடுகள் சாகின்றன? "காத்து கருப்பு" என்கிறார்கள். என் கருத்து வேறு. இந்த வைரஸ் வெயிலில் வெகுநேரம் தாங்காது. நோயுற்ற ஆட்டின் சளி, எச்சில், சாணம் வழியாக, நெருங்கி நிற்கும் ஆட்டுக்குத்தான் தொற்றும். அதாவது நாம் கயிறு பிடித்து அழைத்து வந்தால்தான் வீட்டுக்குள் வரும். பார்வைக்கு நன்றாக இருக்கும் ஆட்டுக்குள்ளும் நோய் பதுங்கியிருக்கலாம். விற்காமல் சந்தையிலிருந்து திரும்பும் நம் சொந்த ஆடும் அப்படித்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டியில் ஓர் ஆடு சுணங்கியதும் மீதியை அவசரமாக மலிவு விலைக்குத் தள்ளிவிடுகிறோமே, அது நம் நஷ்டத்தை அடுத்த ஊருக்கு அனுப்புவதாகும்.

அரசுப் பணியில் சேர்ந்த எனக்கே தகுதிகாண் பருவம் வைத்தார்கள். புது ஆட்டுக்கு மூன்று வாரம் வைத்தால் என்ன? தனி இடம், தனித் தண்ணீர்த் தொட்டி. மூன்று மாதம் தாண்டிய குட்டிகளுக்குத் தடுப்பூசி. அதையும் ஒரு வீட்டில் போட்டு இன்னொரு வீட்டில் விட்டால் பயன் குறைவு. மேய்ச்சல் நிலம் எல்லாருக்கும் பொதுதானே.

மாட்டுக்கு வந்த வெக்கை நோயை 2011இல் உலகத்தை விட்டே ஒழித்துவிட்டார்கள். இதை ஒழிக்க 2030 என்று கெடு வைத்திருக்கிறார்கள். கெடு அவர்களுடையது, கயிறு நம் கையில்.

அந்த அம்மா மீதமிருந்த இரண்டு ஆடுகளோடு மறுபடி தொடங்கியிருக்கிறார். சென்ற வாரம் ஒரு குட்டி வாங்கினார். என் வீட்டுக் கொல்லையில்தான் தனியே கட்டியிருக்கிறார். இன்னும் பதினான்கு நாள் பாக்கி.