மாத்திரையோடு கடமை தீர்ந்ததா?

"பள்ளிக்கூடத்திலேயே பூச்சி மாத்திரை கொடுக்கிறோமே, பிறகு மலப் பரிசோதனை எதற்கு?" என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நியாயமானதை முதலில் ஒப்புக்கொள்வோம். 2015 முதல், தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் கொடுக்கப்படுகிறது. ஊரில் பலருக்குப் புழு இருக்கும்போது, தலைக்குத் தலை சோதிப்பதைவிட எல்லாருக்கும் மருந்து கொடுப்பது செலவு குறைந்த வழி. உலக சுகாதார ஸ்தாபனமும் இப்படித்தான் சொல்கிறது. மாத்திரையை நாம் எதிர்க்கவில்லை. நம் பிள்ளைகள் தவறாமல் விழுங்கட்டும்.

ஆனால் ஊருக்குப் போடும் கணக்கு வேறு. நோயில் விழுந்த குழந்தைக்குச் செய்யும் வைத்தியம் வேறு. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ஒரு கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை வெளுத்துப்போய், மூச்சு வாங்கி நிற்கிறது. "மாத்திரைதான் போட்டாச்சே" என்று அதைத் திருப்பி அனுப்புவது வைத்தியமா?

ஒரு வேளை மாத்திரை நாக்குப்பூச்சியை நன்றாக விரட்டும். சாட்டைப்புழுவை அது அவ்வளவாக அசைக்காது. சீதபேதிக்குக் காரணமான அமீபாவை அது தொடுவதே இல்லை. எதிரி யாரென்று பார்க்காமல் கம்பு சுற்றுவதால் யாருக்கு லாபம்?

பார்ப்பதற்கு வழி இருக்கிறது. சுத்தமான, உலர்ந்த புட்டியில் மூத்திரமும் மண்ணும் சேராமல் கொஞ்சம் மலம் எடுத்து, தாமதமின்றி ஆஸ்பத்திரியில் கொடுத்தால், மைக்ராஸ்கோப்பில் முட்டை தெரியும். புழு தினமும் ஒரே அளவில் முட்டையிடுவதில்லை. ஒருநாள் தெரியாதது மறுநாள் தெரியலாம். ஆகவே மூன்று நாள் மலத்தைச் சோதிப்பது நல்லது. ராத்திரியில் ஆசனவாய் அரிக்கும் கீரிப்பூச்சிக்கோ மலத்தைப் பார்த்துப் பயன் குறைவு. விடிந்ததும், கழுவும் முன், அந்த இடத்தில் ஒட்டும் டேப்பை ஒற்றியெடுத்துப் பார்க்க வேண்டும்.

இதைச் செய்யாமல் தாயின்மேல் பழி போடுகிறார்கள். பல்லைக் கடித்தால் பூச்சியாம், மிட்டாய் தின்றதால் பூச்சியாம்! கொக்கிப்புழு மிட்டாயில் வருவதில்லை. மலம் கலந்த ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுகிறது. குடலைக் கவ்வி ரத்தம் குடிக்கிறது. அதில் ஒரு ஜாதி, நாளுக்குப் புழு ஒன்றுக்குச் சுமார் 0.03 மில்லி ரத்தத்தைப் போக்கும். இன்னொரு ஜாதி அதைப்போல் ஐந்து மடங்கு. நூறு புழு இருந்தால், அரைவயிற்றுக் கஞ்சி குடிக்கும் பிள்ளை என்னவாகும்?

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எல்லாம் புழுவால் வந்ததல்ல, பசியாலும் வந்தது. எது எதனால் என்று அறியத்தான் பரிசோதனை கேட்கிறோம்.

வெள்ளைக்காரன் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களை மண்டபம் முகாமில் நிறுத்திக் கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். கருணையாலா? சோகை பிடித்த உடம்பு கொழுந்து பறிக்காது என்ற கணக்கால்! கூலியின் ரத்தத்துக்கு விலை உண்டென்று துரைக்குத் தெரிந்திருந்தது. கூலியின் குழந்தையுடைய ரத்தத்துக்கு இன்று விலை இல்லையா?

"கிராமத்தில் சாத்தியமில்லை" என்பது அடுத்த சாக்கு. 2017இல் துவங்கிய டிவார்ம்3 ஆய்வுக்காக, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் ஜனங்களிடம் மலம் வாங்கிச் சோதித்தார்கள். ஆய்வின் ஒரு பாதிக் கிராமங்களில் பெரியவர்களுக்கும் சேர்த்து மருந்து கொடுத்தார்கள். மலைமேல் ஆராய்ச்சிக்கு முடிந்தது, மதுரைச் சமவெளியில் வைத்தியத்துக்கு முடியாதா?

தோழர்களே! மாத்திரை புழுவைக் கொல்லும். மண்ணில் கிடக்கும் முட்டையைக் கொல்லாது. கக்கூஸும் நல்ல தண்ணீரும் இல்லாத சேரிக்குப் புழு திரும்பி வரும். ஆகவே கிராமசபையிலும் சங்கக் கூட்டத்திலும் எழுந்து கேளுங்கள்:

ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மலத்தையும் ரத்தத்தையும் இலவசமாகச் சோதிக்க வேண்டும். என்ன புழு என்று சீட்டில் எழுதித் தர வேண்டும். வயலில் நிற்கும் தாய் தகப்பனுக்கும் மருந்து வேண்டும். கக்கூஸும் தண்ணீரும் ஒவ்வொரு தெருவுக்கும் வேண்டும்.

இது பிச்சையல்ல, நம் பிள்ளைகளின் ரத்தத்துக்கான பாத்தியதை.