காடு யார் கணக்கில்?



மாஞ்சோலைத் தொழிலாளர்களை மலையை விட்டு இறங்கச் சொல்கிறவர்கள் ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள்: காடு இருந்தால்தான் தண்ணீர். இதை நாம் மறுக்கவில்லை. தண்ணிப் பஞ்சம் வந்தா முதல்ல காயறது சேரிக் குழாய்தான். ஆகவே இந்த உண்மையை நாம் எல்லோருக்கும் முன்னே உணர்ந்தவர்கள்.

மழைக்காடு சும்மா நிற்பதில்லை. மரங்கள் வேரால் நீரை உறிஞ்சி இலைவழியே ஆவியாக விடுகின்றன. தென்மேற்குக் காற்று அந்த ஈரத்தைக் கிழக்கே அள்ளி வருகிறது. தென்மேற்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் பெய்யும் மழைக்கான ஈரத்தில் 25 முதல் 40 சதவீதம் வரை மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் தருவது என்று மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018இல் கணக்கிட்டார்கள். பருவம் பொய்த்த ஆண்டுகளில் இந்தப் பங்கு இன்னும் கூடுகிறது.

காட்டின் மக்கிய இலைமண் பஞ்சு மாதிரி மழையைப் பிடித்துவைத்து, கோடையில் ஓடைக்குக் கொஞ்சங் கொஞ்சமாக விடும். மரத்தை வெட்டிய சரிவிலோ மழைத்தண்ணீர் மண்ணையும் வாரிக்கொண்டு உடனே ஓடிவிடும். சித்திரையில் ஓடை வறண்டு கிடக்கும். வறட்சி நீண்டால் மிச்சமிருக்கும் மரங்களும் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். காற்றில் ஈரம் இன்னும் குறையும். சருகு காய்ந்து தீப்பிடிக்கும். வெட்டு வறட்சியைக் கூட்டிவர, வறட்சி மிச்சக் காட்டைத் தின்னும்.

சரி, வெட்டச் சொன்னது யாரு?

1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டைப் பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டது. அட்டைக்கடியிலும் குளிரிலும் அதைத் திருத்தித் தேயிலை நட்ட கைகளில் பெரும்பாலானவை தலித் கைகள். வங்கியில் பேரேடு எழுதிப் பிழைக்கிறவன் நான். வரவு ஒருத்தன் பேரில், பற்று இன்னொருத்தன் பேரில் என்று எழுதினால் அதற்குப் பெயர் மோசடி. இங்கே லாபம் கம்பெனிக்கு, காட்டை அழித்த பழி கூலிக்காரனுக்கு!

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும் கைதானவர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. தாமிரபரணியில் 17 பேர் பிணமானார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையும் அதில் ஒன்று. அதே மலையின் மழைநீர் ஓடுகிற ஆறுதான் அது. 2024 ஜூனில் கம்பெனி வேலையை நிறுத்திவிட்டு, தலைமுறை தலைமுறையாய் அங்கே உழைத்தவர்களை வெளியேறச் சொன்னது.

மாஞ்சோலை மறுபடி காடாகட்டும். ஆனால் அந்த வேலை, அங்குள்ள ஒவ்வொரு ஓடையையும் சரிவையும் அறிந்த அந்த மக்களுக்கே தரப்பட வேண்டும். நாற்று வளர்க்க, களை அகற்ற, தீத்தடுப்புக் கோடு போட நிரந்தர அரசு வேலை. அதோடு வீடும் நிலமும் அவர்கள் பேரில் பட்டாவாக. இது சலுகை அல்ல, நிலுவை.

மாணவத் தோழர்களே! அடுத்த சூழல் கருத்தரங்கில் யாராவது 'காட்டைக் காப்போம்' என்று பேசினால் கை தட்டுங்கள். தட்டிவிட்டு, எழுந்து நின்று கேளுங்கள்: யாரை விரட்டிவிட்டு?