இரு கை ஏந்தி

பணிமாற்றம் பெற்றுத் தில்லிக்கு வந்த புதிதில், விடுமுறை நாள் ஒன்றில் பங்களா சாகிப் குருத்வாராவுக்குச் சென்றேன். தலையைத் துணியால் மூடிக்கொண்டு, லங்கர் என்னும் பொது உணவுக்கூடத்தில் மற்றவர்களோடு தரையில் வரிசையாக அமர்ந்தேன். ஒருபுறம் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர். மறுபுறம் கல்லூரி மாணவி ஒருத்தி. ரொட்டி பரிமாறிக்கொண்டு வந்த பெரியவரிடம் நான் ஒரு கையை நீட்டினேன். அவர் புன்னகையுடன் தம் இரு கைகளையும் சேர்த்து ஏந்திக் காட்டினார். அங்கு ரொட்டியை அவ்வாறுதான் பெற்றுக்கொள்ள வேண்டும். மாதந்தோறும் ஊதியம் பெறும் நான் கையேந்துவதா என்று ஒரு கணம் மனம் கூசியது உண்மை.

மாணவர்களே, அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன். கொடுப்பது உயர்வு, பெறுவது தாழ்வு என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். பல சமயத்தவர் கூடித் தொண்டு செய்ய முற்படும்போது அதற்கு முதல் தடையாக நிற்பது இவ்வெண்ணமே என்பது என் கருத்து. எம்மவர் கொடுப்பர், பிறர் பெறுவர் என்றால் அங்கே பெருமை வளருமே அன்றி நட்பு வளராது.

பங்களா சாகிப் இருக்கும் இடத்தில் முன்பு அரசர் ஜெய்சிங்கின் மாளிகை இருந்தது. சீக்கியரின் எட்டாம் குருவான ஹர்கிரிஷன் 1664ஆம் ஆண்டில் அங்குத் தங்கியிருந்தார். அப்போது தில்லியில் அம்மையும் வாந்திபேதியும் பரவின. இந்துக்கள், இசுலாமியர் என்று பாராமல் நோயுற்றோர்க்கு அவர் நீர் அளித்துத் துணைநின்றார் என்றும், அதே அம்மை நோயால் உயிர்நீத்தார் என்றும் சீக்கிய மரபு கூறுகிறது. அப்போது அவருக்கு வயது ஏழு. உங்களுள் பலருடைய தம்பி தங்கையரின் வயதுதான்!

கேரளத்தில் 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்போது நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். ஆகஸ்டு 22ஆம் நாள் பக்ரீத் பண்டிகை. திருச்சூர் மாவட்டத்தில் மாளாவுக்கு அருகிலுள்ள ஓர் ஊரில் பள்ளிவாசல் நீரில் மூழ்கியிருந்தது. எரவத்தூரில் உள்ள கோயிலைச் சேர்ந்தோர் தங்கள் மண்டபத்தைத் தொழுகைக்குத் திறந்துவிட்டனர். கோயிலார் கொடுத்ததை நாம் பாராட்டுகிறோம். தயங்காமல் வந்து அதை ஏற்றுக்கொண்டார்களே, அதையும் பாராட்ட வேண்டாமா? வீடும் உடைமையும் நீரில் கிடக்கும்போது பிற சமயத்தவரின் வாயிலில் நுழைவதற்கும் நெஞ்சுரம் வேண்டும்.

"அன்னமிடுவதைத் தமிழர் பிறரிடம் கற்க வேண்டுமா?" என்று ஒரு மாணவன் என்னைக் கேட்டான். வேண்டியதில்லைதான். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சாதி சமயம் கேட்காமல் அங்கும் உணவு அளிக்கிறார்கள். ஆனால் நாம் இப்போது வாழும் ஊர் வடலூர் அன்று. இங்கே எரியும் அடுப்புக்கு விறகு எடுத்துக் கொடுத்தால் நம் அடுப்பு ஒன்றும் குறைந்துவிடாது.

பணம் அனுப்பினால் போதாதா என்பாரும் உளர். பணமும் வேண்டும், கோதுமை மாவு தானாக வராது. எனினும் பணம் அனுப்புபவர், பெறுபவரின் முகத்தைக் காண்பதில்லை. நேரில் சென்றாலும் அந்த முகத்தை எவ்வாறு காண வேண்டும் என்பதை நான் தாமதமாகவே அறிந்தேன். சென்ற குளிர்காலத்தில் பல சமயத்தைச் சேர்ந்த நண்பர்களோடு, சாலையோரம் உறங்குவோர்க்குக் கம்பளி வழங்கச் சென்றேன். ஒரு மூதாட்டி கம்பளியைப் பெற்றுக்கொள்ளும் முன் முக்காட்டை இழுத்துத் தம் முகத்தை மறைத்துக்கொண்டார். கைப்பேசியில் ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்ததே காரணம். எடுத்தது வேறு யாருமல்லர், நானேதான். அதன்பின் அத்தகைய இடங்களில் கைப்பேசியை நான் வெளியே எடுப்பதில்லை. அவ்வாறு எடுக்கும் குழுக்களோடு செல்வதும் இல்லை.

லங்கரில் கரண்டி பிடித்துப் பரிமாறப் பலரும் விரும்புகிறார்கள். பாத்திரம் துலக்குமிடத்தில் எப்போதும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கும். அங்கே முழங்கைவரை நீரில் நனைந்துகொண்டு நிற்பவர்களில் யார் சீக்கியர், யார் பிறர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வரும் ஞாயிறன்று என் வகுப்பு மாணவர் அறுவர் பெற்றோரின் இசைவோடு என்னுடன் வருகிறார்கள். தலையை மூடுவதற்கு ஆளுக்கொரு கைக்குட்டை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். முதலில் வரிசையில் அமர்ந்து, இரு கை ஏந்தி உண்போம். பிறகு பாத்திரம் துலக்கச் செல்வோம்.