ஒற்றைக் கோடு

புனேயில் ராஸ்தா பேட்டில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. மூன்று தலைமுறையாக அங்கேயே வேர்விட்ட தமிழ்க் குடும்பம். மராத்தியில் சண்டை போட்டுவிட்டுத் தமிழில் சமாதானமாவார்கள். 2022 ஜனவரியில், ஒமைக்ரான் அலை ஊரெல்லாம் அடித்துக்கொண்டிருந்தபோது, காலையில் அவருக்குத் தொண்டை கரகரத்தது. மறுநாள் கடியில் தம்பி வீட்டில் அம்மாவுக்கு எண்பதாவது பிறந்த நாள்.

மருந்துக்கடையில் ஒரு டெஸ்ட் பெட்டி வாங்கி மூக்கைக் குடைந்து பார்த்தார். பதினைந்து நிமிடம். ‘சி’ என்ற எழுத்துக்கு எதிரே ஒரு கோடு. ‘டி’க்கு எதிரே ஒன்றும் இல்லை. உடனே எனக்குப் போன்.

“நெகடிவ்ப்பா. நாளைக்குப் போகலாமில்ல?”

“போகாதே” என்றேன். கோபித்துக்கொண்டார். பிறகு எதற்கு இருநூற்றைம்பது ரூபாய் செலவழிக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அந்தப் பட்டைக்குள் நடப்பது எளிய காரியம். ‘டி’ இருக்கும் இடத்தில் வைரஸின் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளை ஒட்டியிருக்கிறார்கள். சளியில் அந்தப் புரதம் இருந்தால், சாயத்துகளோடு சேர்ந்து வந்து அங்கே மாட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மாட்டினால்தான் கோடு. ‘சி’ கோடு திரவம் ஒழுங்காக ஓடியது என்பதற்கு மட்டுமே சாட்சி. ஆர்டிபிசிஆர் அப்படியல்ல. இருப்பதை இரண்டாக்கி, நான்காக்கி, எட்டாக்கிக்கொண்டே போகிறது. முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். பட்டைக்கு அந்த வித்தை தெரியாது. சளியில் வைரஸ் மிகுந்திருக்கும் நாட்களில் கெட்டிக்காரத்தனமாகப் பிடிக்கும். நோய் தொடங்குகிறபோதும் முடிகிறபோதும் கோட்டை விடும். தடுப்பூசி போட்டுக்கொண்ட உடம்பு சீக்கிரமே விழித்துக்கொள்வதால், தொண்டை கரகரக்கும் முதல் நாளில் மூக்கில் சரக்கு குறைவாகவே இருக்கக்கூடும்.

இது யாரும் மறைத்த ரகசியமல்ல. 2020 ஜூன் 14 அன்று ஐ.சி.எம்.ஆர். முதல் ஆன்டிஜென் டெஸ்டைச் சிபாரிசு செய்தபோதே எண்களை வெளியிட்டது. நோய் இல்லாதவரை இல்லை என்று சொல்வதில் 99.3 முதல் 100 சதவீதம் சரி. நோய் உள்ளவரைப் பிடிப்பதில் 50.6 முதல் 84 சதவீதம். அப்பாவியைக் கைது செய்யமாட்டார், ஆனால் திருடர்களில் பாதிப் பேரைக்கூடத் தப்பவிடக்கூடிய போலீஸ்காரர். எனவே அறிகுறி இருந்து நெகடிவ் வந்தால் ஆர்டிபிசிஆர் கட்டாயம் என்றும் அப்போதே சொன்னார்கள். மாநிலங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை போலும். செப்டம்பர் 10 அன்று மத்திய அரசு மறுபடி கடிதம் எழுத வேண்டியிருந்தது.

தமிழ்நாடு அந்தப் பட்டையின் பக்கமே போகாமல் ஆர்டிபிசிஆரையே பிடித்துக்கொண்டிருந்தது. மிகச் சரியான முடிவு என்று அப்போது நினைத்தேன். இப்போது பாதிதான் அப்படி நினைக்கிறேன். நான்கு நாள் கழித்து வரும் துல்லியமான பதில் யாருக்கு? அதற்குள் ஆள் ஊரைச் சுற்றிவிட்டு வந்திருப்பார்.

புனேக்கு இந்தப் பாடம் இரண்டாம் முறை. 2009 ஆகஸ்ட் 3 அன்று, பன்றிக் காய்ச்சலுக்கு இந்தியாவின் முதல் பலி இங்கேதான் விழுந்தது. பதினான்கு வயதுப் பள்ளிச் சிறுமி. அடுத்த நாட்களில் நாயுடு மருத்துவமனை வாசலில் வரிசை. ஃப்ளூவுக்கும் அப்போது அவசரப் பட்டைகள் இருந்தன. அந்தப் புது வைரஸை அவை 10 முதல் 70 சதவீதம்தான் பிடிக்கின்றன என்று அமெரிக்காவின் சி.டி.சி. எச்சரித்தது. 1952ல் தொடங்கிய, இதே ஊரின் தேசிய வைராலஜி நிலையத்தின் பிசிஆர் முடிவுக்குத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். இந்தியாவின் முதல் வீட்டு கோவிட் டெஸ்ட் புனேயின் மைலாப் கம்பெனியிடமிருந்தே 2021 மே மாதம் வந்தது என்பது ஒரு பொருத்தம். (நண்பர் வாங்கியது எந்தப் பெட்டி என்று நான் கேட்கவில்லை. இந்தக் கணக்கு எல்லாப் பெட்டிக்கும் பொது.)

கணக்கு இதுதான். 2021ல் காக்ரேன் குழு பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. அறிகுறி உள்ள நோயாளிகளில் 72 சதவீதத்தினர் சிக்கினார்கள்; அறிகுறி இல்லாதவர்களில் 58. அலை அடிக்கும் நேரத்தில் இருமலோடு நூறு பேர் கிளினிக்குக்கு வருகிறார்கள், ஐம்பது பேருக்கு கோவிட் என்று வையுங்கள். 36 பேர் பிடிபடுவார்கள். 14 பேர் தப்புவார்கள். நெகடிவ் சீட்டோடு வெளியே வரும் 64 பேரில் 14 பேர் நோயாளிகள்; ஐந்தில் ஒருவருக்கும் மேல். என் நண்பர் அந்த 64 பேரில் ஒருவர்.

ஊர் அமைதியாக இருக்கும்போது கதை தலைகீழ். அறிகுறியே இல்லாத பத்தாயிரம் பேரை ஒரு தொழிற்சாலை வாசலில் சோதிக்கிறார்கள், ஐம்பது பேருக்குத்தான் நோய் என்றால், 29 பேர் சரியாகச் சிக்குவார்கள். ஆயிரத்துக்கு நான்கு தப்பு என்ற கணக்கில் நாற்பது நல்லவர்களும் கூடவே மாட்டுவார்கள். அங்கே சந்தேகப்பட வேண்டியது பாசிடிவ் சீட்டை. பட்டை அதேதான். யாரிடம், எப்போது நீட்டுகிறோம் என்பதுதான் வேறு.

அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2022 ஆகஸ்டில் எளிய வழி சொன்னது. அறிகுறி இருந்து நெகடிவ் வந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அறிகுறி இல்லாமல் சந்தேகம் மட்டும் என்றால், அதே இடைவெளியில் மூன்று முறை. அதுவரை மாஸ்க், தனி அறை. முதியவர்கள் பக்கம் போகவேண்டாம். முடிவையும் பெட்டியில் சொன்ன நேரத்துக்குள் பார்க்க வேண்டும். குப்பைக் கூடையிலிருந்து மறுநாள் எடுத்துப் பார்த்து அலறுவதில் பயனில்லை.

நண்பர் முணுமுணுத்துக்கொண்டே பிறந்த நாளுக்குப் போகாமல் இருந்தார். வீடியோவில் நமஸ்காரம் செய்தார். மூன்றாம் நாள் இன்னொரு பெட்டி வாங்கினார். இந்தத் தடவை போன் வரவில்லை, போட்டோதான் வந்தது. ‘டி’க்கு எதிரே மெலிசாக, ஆனால் சந்தேகமில்லாமல், ஒரு கோடு. அம்மாவுக்குப் பாயசம் பத்து நாள் கழித்துத்தான் கிடைத்தது. சர்க்கரை குறைவு என்றாராம்.