ஒரு சாண் எக்ஸ்பிரஸ்

நெல்லிவாசல்நாட்டில் நான் ரயில் பார்த்தேன் என்றால் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள். ஜவ்வாது மலை மேல் தண்டவாளம் ஏது? ரயில் வேண்டுமானால் மலை இறங்கித் திருப்பத்தூருக்கோ ஜோலார்பேட்டைக்கோ போகணும். வாஸ்தவம். நான் சொல்வது பேட்டரியில் ஓடும் பொம்மை ரயில்.

ஆபீஸ் நண்பரோடு அவர் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் ஏழாவது படிக்கிறான். ''மாமா, இதை நெஜ ரயிலு மாதிரி வீடியோ எடுக்க முடியுமா?'' என்றான்.

''பூ! இவ்வளவுதானா?'' என்றேன். இந்தப் 'பூ'வால் நான் பட்ட அவமானங்கள் பல.

நின்றபடியே செல்போனில் எடுத்தேன். போட்டுப் பார்த்தால் கரப்பான்பூச்சி ஓடுகிற மாதிரி இருந்தது. பையன் பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை.

மானப் பிரச்னை. கணக்குப் போட்டேன். பொம்மை என்ஜின் ஒரு சாண். நிஜ என்ஜின் சுமார் 20 மீட்டர். ஏறக்குறைய 87-ல் ஒரு பங்கு. மாடல் ரயில்காரர்கள் 'ஹெச்.ஓ.' என்று சொல்லும் அளவும் இந்த 1:87-தான். அப்படியானால் பிளாட்பாரத்தில் நிற்கும் ஆளின் கண், தரையிலிருந்து 2 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கணும். நானோ ஹெலிகாப்டரிலிருந்து எடுத்திருக்கிறேன்!

செல்போனைத் தலைகீழாக வைத்தேன். லென்ஸ் தரைக்கு வந்துவிட்டது. நானும்தான்.

அடுத்தது வேகம். பொம்மை விநாடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது. 87-ஆல் பெருக்கினால் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல்! விநாடிக்கு 240 படம் எடுத்து, 30 வீதம் ஓட்டினால் வேகம் எட்டில் ஒரு பங்கு. அதாவது 20 கிலோமீட்டர். ஸ்டேஷனுக்குள் நுழைகிற நிதானம். டியூப்லைட்டை அணைத்தோம், ஸ்லோமோஷனில் அது மினுக்கும். ஜன்னல் வெயில் போதும். சாமை மூட்டை மலையானது. மாமாவின் நீல லுங்கி வானமானது.

பிளாட்பாரத்தில் பையன் ஒரு தீக்குச்சி மனுஷனை நிறுத்தினான். சிவப்பு பால்பாயின்ட்டில் சட்டை.

''சரி, ரயில் வர்றதை எடுத்தாச்சு. கிளம்புறதையும் எடுப்போமா?'' என்றேன்.

''வேணாம் மாமா. வர்றது மட்டும் போதும்.''

ஆயாவிடம் போட்டுக் காட்டினான். மூட்டை மலை ஓரமாக ரயில் மெதுவாக வந்தது. சிவப்புச் சட்டை அருகே நின்றது. அசல் ரயில்!

''இவன் ஏறப்போறானா, எறங்கிட்டானா?'' என்றாள் ஆயா.

''எறங்கிட்டாரு ஆயா. அப்பா.''

அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போய் எட்டு மாசம் என்று நண்பர் பிறகுதான் சொன்னார். ஜோலார்பேட்டையில் ரயிலேற்றிவிடப் பையனும் போயிருந்தானாம்.

ஆயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ''இன்னொரு தடவ போடு'' என்றாள்.

ஏழு தடவை போட்டான். செல்போனில் சார்ஜ் தீர்ந்தது. ரயில் மட்டும் ஸ்டேஷனிலேயே நின்றுகொண்டிருந்தது. அதைக் கிளப்ப எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை.