பழுது பார்த்தலும் புதுக்குதலும்

பழம்பொருள் ஒன்று கைக்கு வருமாயின், அதனை எவ்வாறு நடத்துவது என்பதில் மக்கள் இரு சாராராவர். ஒரு சாரார் அதனைக் குப்பைக்கு அனுப்புவர். மற்றொரு சாரார் அதனைப் புதிதினும் புதிதாக்கிக் கண்ணாடிப் பேழைக்குள் வைப்பர். இவ்விரு சாராரும் தம்முள் மாறுபட்டவர்போலத் தோன்றினும், ஒன்றில் ஒத்தவரே. அப்பொருள் இதுகாறும் வாழ்ந்த வாழ்வினை இருவருமே மதிப்பதில்லை. மூன்றாவது வழியொன்று உண்டு. அது பையில் பணமில்லாதவன் செல்லும் வழி. அதுவே சிறந்த வழி என்பதனை, ஒரு விளையாட்டு வண்டியைச் சான்றாகக் கொண்டு ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறேன். விளையாட்டு வண்டிக்கு இத்துணை விசாரணையா என்று நகைக்கும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள்வார்களாக.

என் பெரியப்பா இளமையில் சிங்கப்பூரில் ஒரு கப்பற்பட்டறையில் வேலை பார்த்தவர். 1986-ஆம் ஆண்டு விடுமுறையில் ஊர் திரும்பியபொழுது, மிகைநேர வேலையில் ஈட்டிய ஊதியத்தைக் கொண்டு, அப்பொழுது எட்டு வயதினனாயிருந்த தம் மகனுக்கு ரேடியோவினால் இயங்கும் வண்டியொன்றை வாங்கி வந்தார். 'கிராஸ்ஹாப்பர்', அதாவது வெட்டுக்கிளி, என்பது அதன் பெயர். தந்தையும் மகனும் ஒன்றாயமர்ந்து அதனைப் பூட்டினார்கள். நெற்களத்தில் ஒரு மாதம் ஓட்டினார்கள். விடுமுறை முடிந்தது, தந்தை கப்பலேறினார். அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறை, ஒரு மாதம் மட்டுமே அவ்வண்டிக்கு ஓட்டம் இருந்தது. பின்னர்ப் பரண்மீது ஏறியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே கிடந்தது.

சென்ற ஆண்டு பெரியப்பா அதனை என்னிடம் எடுத்து வந்தார். தம் ஓய்வூதியத்திலிருந்து மூவாயிரம் ரூபாயையும் வண்டியுடன் வைத்தார். "இது ஓட வேண்டும். இதற்குமேல் என்னிடம் இல்லை. உன் அண்ணனிடம் கேட்கவும் வேண்டா," என்றார். பௌதிக ஆய்வுக்கூடத்தில் பழைய கருவிகளோடு போராடிப் பழகியவன் என்ற ஒரே தகுதி பற்றி இப்பொறுப்பு என்னைச் சேர்ந்தது.

வண்டியின் வரலாற்றை இவ்விடத்துச் சுருக்கமாகக் கூறுதல் தகும். ஜப்பான் தேசத்து ஷிஸுவோகா நகரில் 1946-இல் மரம் அறுக்கும் ஆலையாகத் தோன்றிய தமியா நிறுவனம், பின்னர் மாதிரிப் பொம்மைகள் செய்வதில் இறங்கி, 1976-இல் ரேடியோவினால் இயங்கும் தன் முதல் காரை வெளியிட்டது. கரடுமுரடான தரையிலும் ஓடவல்ல 'பக்கி' வண்டிகள் 1979 முதல் வந்தன. கிராஸ்ஹாப்பர் 1984-இல் வெளிவந்தது. பத்தில் ஒரு பங்கு அளவில் அமைந்த இவ்வண்டி, புதிதாகப் பழகுவோர்க்கென்று குறைந்த விலையில் செய்யப்பட்டது. இதன் அடித்தட்டு தொட்டி வடிவில் வார்த்த ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், மேற்கூடு பாலிஸ்டைரீன் என்னும் வெண்ணிறப் பிளாஸ்டிக்.

இவை யாவற்றினும் முக்கியமானது வேறொன்று. இது பெட்டிக்குள் முழு வண்டியாக வந்ததன்று. துண்டு துண்டாக வந்தது. வாங்கியவனே திருப்புளி பிடித்துப் பூட்ட வேண்டும். கையாற் பூட்டியதைக் கையாற் கழற்றவும் இயலுமன்றோ? இக்காலத்து மலிவான பொம்மைகள் பலவும் பசையிட்டு மூடப்பெற்றவை. ஒருமுறை நின்றால் நின்றவையே. பழுது பார்க்கத்தக்க பொருள் பழுது பார்க்கத்தக்கதாகவே பிறக்க வேண்டும். எனவே, ஒரு பொருளை வாங்குமுன் அதன் திருகாணிகள் எங்குள்ளன என்று பார்ப்பது புத்தியுள்ளவன் செயல்.

செய்தியறிந்த அண்ணன், தாம் வேலை பார்க்கும் அயல்நாட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். அதே வண்டியைத் தமியா நிறுவனத்தார் 2005-இல் மறுபடியும் வெளியிட்டிருப்பதையும், புதிய பெட்டியாகவே வாங்கிவிடலாம் என்பதையும் எடுத்துரைத்தார். "அதே அச்சு, அதே உருவம். கிழட்டு வண்டியில் ஏன் பொழுதைப் போக்குகிறாய்? நான் அப்பாவுக்குப் புதிது வாங்கி அனுப்புகிறேன்," என்றார். அன்பினாற் சொன்ன சொல்லே அது. அவர் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கணக்குப் பார்த்தால், எல்லா உறுப்புகளையும் ஒவ்வொன்றாகப் புதிது வாங்கி மாற்றுவோன், ஒரு புதிய வண்டியின் விலைக்கும் மேலாகச் செலவழித்துவிடுவான். அவ்வாறு செய்து முடித்தபின் அவனிடம் எஞ்சுவது பழைய வண்டியன்று. மிகுந்த விலை கொடுத்து வாங்கிய புதிய வண்டியே. ஆதலின், கையிலே தாராளமாகப் பணமுள்ளவனுக்கு அண்ணன் கூறியதே நேர்மையான வழி.

ஆனால் மூவாயிரம் ரூபாய் உள்ளவன் இவ்வாறு எண்ண இயலாது. ஒவ்வோர் உறுப்பையும் கையிலெடுத்து, "நீ உண்மையில் கெட்டுவிட்டாயா, அல்லது அழுக்கடைந்திருக்கிறாயா?" என்று கேட்க வேண்டியவனாகிறான். இக்கேள்வியே பழுது பார்த்தலின் உயிர் என்பது என் கருத்து. வறுமை இக்கேள்வியை நம்மிடமிருந்து கட்டாயமாக வாங்குகிறது; செல்வம் இதனைக் கேட்க விடுவதில்லை.

ஓடாது நின்ற வண்டியின் மோட்டார் கெட்டது என்றே முதலில் எண்ணினேன். மின்கலத்தோடு நேரே இணைத்துப் பார்க்க, மோட்டார் இனிது சுழன்றது. குற்றம் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் இருந்தது. இக்காலத்து வண்டிகளில் அது மின்னணுக் கருவி. பழைய வண்டியிலோ செப்புத் தகடுகளின்மேல் ஓர் உலோகக் கை நகர்ந்து, பீங்கான் உறையிட்ட மின்தடையின் வாயிலாக மோட்டாருக்கு மின்சாரத்தைக் குறைத்தும் கூட்டியும் விடும். அச்செப்புத் தகடுகளில் களிம்பேறியிருந்தது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, எழுத்தழிக்கும் ரப்பரால் துடைத்தவுடன் மின்சாரம் பாய்ந்தது. செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. பணமிருந்தால் மோட்டாரையும் கட்டுப்பாட்டுக் கருவியையும் அன்றே மாற்றியிருப்பேன். குற்றம் எதுவென்பதை இன்றுவரை அறிந்திருக்க மாட்டேன்.

கையில் பிடித்து இயக்கும் ரேடியோப் பெட்டியும் இவ்வாறே. அதனுள் மறந்து விடப்பட்ட மின்கலங்கள் கசிந்து, தகடுகளை வெண்பொடி மூடியிருந்தது. அக்கசிவு காரத்தன்மை உடையது. ஆகவே வினிகரில் தோய்த்த பஞ்சினால் அதனை முறித்துத் துடைத்தேன். 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் அப்பழம்பெட்டி, நீண்ட ஏரியலை நீட்டியவுடன் கடமையைச் செய்யத் தொடங்கியது. அடித்தட்டிலிருந்த வெடிப்பை, உடைந்த ஏ.பி.எஸ். துணுக்குகளை அசிட்டோனிற் கரைத்துக் குழம்பாக்கிப் பூசி அடைத்தேன். அதே அசிட்டோன் மேற்கூட்டின்மேல் பட்டால் அதனைத் தின்றுவிடும் என்பதால், கூட்டை வேறு அறையில் வைத்துவிட்டே அவ்வேலையைச் செய்தேன்.

என் அவசரத்தால் விளைந்த தீங்கொன்றையும் மறைக்காமற் கூறுகிறேன். சிலுவைத் தலையுள்ள திருகாணிகளைக் கண்டு, வீட்டிலிருந்த சாதாரணத் திருப்புளியால் திருகினேன். இரண்டின் தலைகள் தேய்ந்து வழுக்கின. ஜப்பானியத் தரப்படி வெட்டப்பட்ட சிலுவைக்கும் மற்றைச் சிலுவைக்கும் நுனியின் அமைப்பில் சிறு வேற்றுமை உண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன். நாற்பது ஆண்டு பிழைத்திருந்த திருகாணிகளைக் கெடுத்தது காலமன்று, நானே.

இவ்வளவு கூறியதனால், செலவே செய்யலாகாது என்பது என் கட்சியெனக் கொள்ளற்க. சிக்கனத்திற்கும் உலோபத்திற்கும் வேற்றுமையுண்டு. பழைய நிக்கல்–காட்மியம் மின்கலக் கட்டு உயிரற்றிருந்தது. அதனை எவ்வகையிலேனும் உயிர்ப்பிக்க முயலுதல் பேதைமை. காட்மியம் நஞ்சாதலால் அதனைக் குப்பையில் எறியாமல், மின்னணுக் கழிவு சேர்க்குமிடத்தில் ஒப்படைத்தேன். புதிதாக 7.2 வோல்ட்டு நிக்கல்–மெட்டல் ஹைட்ரைடு கட்டொன்றும், அதற்குரிய மின்னேற்றியும் ரூ. 1,900-க்கு வாங்கினேன். லித்தியம் கட்டு இலேசானது, வலியது என்று சிலர் கூறினர். ஆனால் மின்னழுத்தம் குறைந்தவுடன் தானே நிறுத்தும் திறம் பழைய கட்டுப்பாட்டுக் கருவிக்கு இல்லை. அளவு மீறி வடிந்த லித்தியம் கலத்திற்கு மீண்டும் மின்னேற்றினால் தீப்பற்றவும் கூடும். முதியவர் ஒருவர் வீட்டில் வைத்து மின்னேற்றப் போகும் பொருளில் இத்துணிவு தகாது.

முன் சக்கரங்களில் இருந்த பிளாஸ்டிக் குழல்கள் மணலால் தேய்ந்து ஆடின. உள்விட்டம் 5 மில்லிமீட்டரும் வெளிவிட்டம் 11 மில்லிமீட்டரும் உள்ள பேரிங்குகள் நான்கினைக் கடைத்தெருவில் ரூ. 240-க்கு வாங்கியிட்டேன். முறிந்த முன்கை ஒன்றுக்கு மறுவெளியீட்டு வண்டியின் உறுப்பு ரூ. 600-க்குக் கிடைத்தது, 2005-இல் பிறந்த வண்டி 1984-இல் பிறந்த மூத்ததற்கு உறுப்பு ஈந்தது. அசிட்டோன், உப்புத்தாள், கிரீஸ், திருகாணி ஆகியவை ரூ. 180. ஆக மொத்தம் ரூ. 2,920. எண்பது ரூபாயைப் பெரியப்பாவிடம் திருப்பிக் கொடுத்தேன். அசைவனவற்றிலும், ஆபத்து விளைக்கக் கூடியவற்றிலும் செலவிடுக. அசையாதவற்றைக் கழுவித் துடைத்து விடுக. என் விதி இவ்வளவே.

இனி, இவ்விஷயத்தில் எனக்கு நேர்ந்த பெருஞ்சோதனையைக் கூறுவேன். மேற்கூடு வெயிலாலும் வயதாலும் மஞ்சளித்திருந்தது. அதன்மேல் யாரோ தூரிகையால் நீலப்பூச்சைத் திட்டுத் திட்டாகப் பூசியிருந்தார்கள். பக்கவாட்டில் 8 என்னும் எண் ஒருபுறம் சாய்ந்து கிடந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்தால் மஞ்சள் குறையும்; தக்க திரவத்தால் பூச்சை நீக்கி, அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகளை ஒட்டினால், பெட்டியின்மேலுள்ள படம்போலவே வண்டி விளங்கும். இதற்குப் பெருஞ்செலவும் இல்லை. ஆகவே வறுமை இவ்விடத்து என்னைத் தடுக்கவில்லை. பஞ்சும் திரவமும் கையில் எடுத்துவிட்டேன். ஏதோ ஐயம் தோன்றவே, பெரியப்பாவைக் கேட்டேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அது அவன் எழுதின எட்டு. அவனுக்கு அப்போது எட்டு வயசு. அதைத் தொடாதே அப்பா," என்றார்.

கப்பலில் போனவர்க்கு மகனோடு கழிந்த மாதங்கள் எண்ணி விடக்கூடியவை. அவற்றுள் முதல் மாதத்தின் எழுத்துச் சான்று அந்த எட்டு ஒன்றே. அதனை நான் துடைத்திருந்தால், வண்டி அழகுற்றிருக்கும். அவ்வண்டியை அவர் என்னிடம் கொண்டுவந்த காரணம் அழிந்திருக்கும். சோப்பு நீரில் தூசியை மட்டும் கழுவினேன். மஞ்சளும் நீலமும் சாய்ந்த எட்டும் இன்றும் உள்ளன.

பொருட்காட்சிச் சாலையினர்க்கும், பழம்பொருள் திரட்டுவோர்க்கும் இது உடன்பாடாகாதிருக்கலாம். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் உருவத்தை அறிதலும் ஒரு கல்வியே என்பர். உண்மைதான், அவ்வுருவத்தைக் காட்டவே மறுவெளியீட்டு வண்டிகள் இருக்கின்றன. ஆயிரமாயிரமாக அச்சிற் பிறந்த உருவத்தை எப்பொழுதும் மீண்டும் பெறலாம். எட்டு வயதுச் சிறுவன் கைநடுங்க எழுதிய எண்ணை மீண்டும் பெற எந்த ஆலை உண்டு? கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நம் முன்னோர் கூறினரேயன்றி, கந்தையைக் கிழித்தெறி என்றோ, கந்தையைப் பட்டாக்கு என்றோ கூறவில்லை.

மாணவ நண்பர்களே! உங்கள் வீடுகளிலும் இத்தகைய பரண்கள் இருக்கும். தையல் யந்திரமோ, சுவர்க் கடிகாரமோ, பாட்டுப் பெட்டியோ அங்கே கிடக்கும். பணம் சேர்ந்தபின் சீர்செய்வோம் என்று காத்திராதீர்கள். குறைந்த பணத்தோடு, நிறைந்த பொறுமையோடு தொடங்குங்கள். முதலில் கழுவுங்கள், பின்னர்ச் சோதியுங்கள், அதன்பின்னரே வாங்குங்கள். எதையேனும் அழிப்பதற்குமுன், அதனை வைத்திருந்தவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

சென்ற மாதம் அண்ணன் விடுமுறையில் வந்திருந்தார். நெற்களம் இப்பொழுது வீட்டுமனையாகிவிட்டமையால், முற்றத்திலேயே வண்டியை விட்டோம். டயர்களில் வெடிப்பு இருந்தமையால் பெரியப்பா மெல்லவே ஓட்டினார். அவருடைய விரல்கள் இப்பொழுது சற்று நடுங்குகின்றன. வண்டியும் வளைந்து வளைந்து ஓடியது. அண்ணன் குனிந்து அதனைக் கையிலெடுத்தார், பக்கவாட்டைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். புதிய வண்டியைப் பற்றி அதன்பின் அவர் பேசவேயில்லை.