ஒரு பாயின்ட்டும் ஒம்பது சாமானும்

ஐப்பசி அடைமழை பிடிக்கறதுக்குள்ள இதை எழுதிப் போட்டுரணும்னு நினைச்சேன். போன வருசம் இதே மாசம் எங்க கட்டுத்தறியில ஒரு சினை மாடு போச்சு. நோயும் இல்லை, பாம்பும் இல்லை. நான் இழுத்து விட்ட ஒயர்தான் காரணம்.

தட்டு வெட்டுற மெஷினுக்கு கட்டுத்தறியில பாயின்ட் கிடையாது. ஆசாரத்து சுவிட்ச் பாக்ஸ்ல இருந்து எக்ஸ்டென்ஷன் போட்டேன். நீளம் பத்தலைன்னு நடுவுல இன்னொரு ஒயரை முறுக்கி, டேப் சுத்தி விட்டேன். ரெண்டு நாளைக்குத்தானேன்னு போட்டது ரெண்டு வருசம் கிடந்துச்சு. அன்னைக்கு ராத்திரி மழையில அந்த ஒட்டு சேத்துக்குள்ள முழுகியிருக்கு. நான் சுவிட்சையும் அணைக்கலை. விடியக்காலம் பால் பீச்சப் போன என் சம்சாரம், மாடு விழுந்து கிடக்கறதைப் பார்த்துட்டு பதறிக்கிட்டு ஓடுனா. அம்மாதான் "கிட்டப் போகாத சாமி, முதல்ல மெயினை அணைக்கச் சொல்லு"ன்னு கத்துனாங்க. அந்த ஒரு சத்தம்தான் அன்னைக்கு எங்க வீட்டைக் காப்பாத்துச்சு.

மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம். ஈரத்தரையில கரண்ட் இருந்தா ஒரு கால்ல ஏறி நெஞ்சு வழியா இன்னொரு கால்ல இறங்கும். நமக்குச் சுருக்குன்னு மட்டும் படற கரண்ட்டே மாட்டைக் கொன்னுரும்.

இது என் ஒருத்தன் கதை இல்லைங்க. நம்ம ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துல எந்த வீட்டுக்குள்ள போனாலும் பாருங்க, ஒரு பாயின்ட்ல ஒம்பது சாமான் தொங்கும். முன்னாடி குடிசைக்கு ஒரு பல்புதான். 2006-க்கு அப்புறம் அரசாங்கம் கலர் டிவி குடுத்துச்சு. 2011-ல இருந்து மிக்சி, கிரைண்டர், ஃபேன் குடுத்துச்சு. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆட்டாங்கல்லுல மாவாட்டி எங்கம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனா சாமான் வந்த வீட்டுக்கு பாயின்ட் வரலை.

அரசாங்கத்தை மட்டும் சொல்லி என்ன பண்ண? நாம சொந்தமா வீடு கட்டறப்பவும் இதேதான். டைல்ஸுக்கும் பெயின்ட்டுக்கும் கிரகப்பிரவேசப் பந்திக்கும் கணக்குப் பார்க்கறது இல்லை. எலக்ட்ரீசியன் "சமையல்கட்டுல நாலு பாயின்ட் வைக்கலாமுங்களா"ன்னு கேட்டா மட்டும் "ஒண்ணு போதும் தம்பி"ங்கறோம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸே ஆகாதுன்னு நான் சொல்லலை. டிவிக்கும், செல் சார்ஜருக்கும், ஒரு டேபிள் ஃபேனுக்கும் தாராளமாப் போடலாம். எதுக்குப் போடக்கூடாதுன்னு தெரிஞ்சுக்க ஒரு சின்னக் கணக்கு போதும். நாம 5 ஆம்ப்னு சொல்ற சின்ன பாயின்ட் இப்ப 6 ஆம்ப். அதை 230 வோல்ட்டால பெருக்குனா 1,380 வாட்ஸ். அயர்ன் பாக்ஸ் ஒண்ணே 1,000. தண்ணி காய வைக்கற கம்பி ஹீட்டர் 1,500. இன்டக்ஷன் அடுப்பு 2,000. பாக்ஸ்ல நாலு ஓட்டை இருக்குங்கறதால நாலு பங்கு கரண்ட் வந்துராது. எல்லாமே சுவத்துல இருக்கற அந்த ஒரே பாயின்ட் வழியாத்தான் வரணும். கரண்ட் ரெண்டு மடங்கு ஓடினா சூடு நாலு மடங்கு ஆகும். ப்ளக்கு பழுப்பேறுறதும், ரப்பர் கருகுற வாசமும் வீடு நமக்குச் சொல்ற எச்சரிக்கை. அப்பவே கழட்டிருங்க.

ஹீட்டர், இன்டக்ஷன், மோட்டார் எதுவா இருந்தாலும் 16 ஆம்ப் பவர் பாயின்ட்ல நேரா மாட்டுங்க. எக்ஸ்டென்ஷன்ல இன்னொரு எக்ஸ்டென்ஷனைச் சொருகாதீங்க. ரெண்டு கம்பி ஒயர் வாங்காதீங்க, எர்த்தோட மூணு கம்பி இருக்கணும். சுருட்டி வெச்ச ஒயரை முழுசாப் பிரிச்சுட்டு ஓட்டுங்க, சுருளுக்குள்ள சூடு வெளிய போகாது. பாய்க்கும் கதவுக்கும் அடியில ஒயரை விடாதீங்க. பீஸ் போனா நாலு கம்பியை முறுக்கிக் கட்டற வேலையை இன்னைக்கோட நிறுத்துங்க. பீஸ் போறது வீடு எரியாம இருக்கத்தான்.

மெயின்ல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி ஒண்ணு போட்டுருங்க. கரண்ட் கசிஞ்சா கண் சிமிட்டற நேரத்துல தானா அணைச்சுரும். அதுல இருக்கற டெஸ்ட் பட்டனை மாசம் ஒருக்கா அமுக்கிப் பாருங்க. பால் சொசைட்டியில பணம் போடற அன்னைக்குன்னு நான் வெச்சிருக்கேன், மறக்கறது இல்லை.

2024-ல கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல வீட்டுக்கு 3.5 லட்சம்னு அறிவிச்சாங்க. நம்ம ஊர்லயும் கட்டறாங்க. அவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. பூச்சு வேலைக்கு முன்னாடியே சமையல்கட்டுக்கும் கட்டுத்தறிக்கும் பைப்பைப் பதிச்சுருங்க. அப்புறம் சுவத்தை உடைக்க மனசு வராது, எக்ஸ்டென்ஷன்தான் வரும்.

மாடு போன மறுவாரம் மண்ணுக்குள்ள பைப் போட்டு, கட்டுத்தறிக்குத் தனி லைன் இழுத்தேன். இடுப்பு உயரத்துக்கு மேல, சாரல் படாத இடத்துல ஒரு பவர் பாயின்ட். மாட்டு விலையில பத்துல ஒரு பங்குதான் ஆச்சு. வேலை முடிச்சுட்டு எலக்ட்ரீசியன் கேட்டான், "அண்ணா, இதை ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

எனக்குப் பதில் வரலைங்க. இதைப் படிச்சதும் எந்திரிச்சுப் போய் உங்க வீட்டு எக்ஸ்டென்ஷனைத் தொட்டுப் பாருங்க. சுவிட்சை அணைச்சுட்டுத் தொடுங்க. சூடா இருந்தா நாளைக்கே எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க.